விட்டுப்போன ஒரு வரி

ஜூன் 3, திங்கள்

காலையில் முதலாளி கந்தவேல் கேபினுக்குக் கூப்பிட்டார். போனபோது ஒரு பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பெயர் எஸ்தர். நாகர்கோவில் பக்கம். பெங்களூரில் ஏதோ பெரிய கம்பெனியில் கம்பைலர் வேலை பார்த்தவளாம். அந்த ஊர் பிடிக்காமல் கோயம்புத்தூர் வந்திருக்கிறாள்.

"அண்ணா, நம்ம கம்பைலர இனி எஸ்தர் பாத்துக்கட்டும். நீங்க கூட இருந்து வழி காட்டுங்க" என்றார் கந்தவேல்.

வழி காட்ட வேண்டுமாம். இருபது வருடத்துக்கு முன்னால் இவருடைய அப்பா என்னைக் கூப்பிட்டு, "தண்டபாணி, திருப்பூர் சாயப்பட்டறையில இருக்கறவங்களே எழுதற மாதிரி சுலுவா ஒரு பாஷ பண்ணு" என்றபோது எனக்கு வழி காட்ட ஒருவரும் இல்லை. அந்த மொழியை நான்தான் செய்தேன். அதில் எழுதியதைச் சாய மிஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிற கம்பைலரையும் நான்தான் எழுதினேன். இன்றைக்கும் எத்தனையோ பட்டறைகளில் அதன் பேச்சைக் கேட்டுத்தான் தண்ணீர் நிரம்புகிறது, சூடாகிறது, வடிகிறது.

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் போர்வெல் மோட்டார் மறுபடியும் ஓடவில்லை. கலாமணி ஆளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 5, புதன்

எஸ்தர் என் கம்பைலர் கோடைப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். மதியம் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், இந்த ஒரு ஃபங்ஷன் மட்டும் ஸ்க்ரோல் பண்ணப் பண்ண முடியவே மாட்டேங்குது. இத முழுசும் நீங்க தனியாளா எழுதினீங்களா?"

"ஆமா."

"யப்பா" என்றாள்.

பாராட்டா கேலியா என்று தெரியவில்லை. வீட்டில் சொன்னேன். "பாராட்டாத்தான் இருக்கும். ஏனுங்க எல்லாத்தையும் கோணலாவே எடுத்துக்கறீங்க?" என்றாள் கலாமணி. இவளுக்கு ஆபீஸ் பற்றி என்ன தெரியும்.

ஜூன் 14, வெள்ளி

இன்று எல்லோரையும் கூட்டி வைத்து எஸ்தர் தன் திட்டத்தை விளக்கினாள். போர்டில் ஒரு மரத்தைத் தலைகீழாக வரைந்தாள்.

"பட்டறையில எழுதுற ப்ரோக்ராம் இதுதான். மேல 'மூணு தடவ செய்'. அதுக்குள்ள 'சாயம் ஏறலன்னா'. அதுக்குள்ள ஒரு 'வாட்ச்' பிளாக், அதாவது இந்த வேலையெல்லாம் நடக்கும்போது தண்ணி மட்டத்துல ஒரு கண் வச்சுக்கோன்னு சொல்றது. அதுக்குள்ள 'தண்ணி நிரப்பு', 'தண்ணி வடி'. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. இப்ப இருக்குற கோட்ல ஒவ்வொரு வேலைக்கும் இந்த மரத்துல ஏறி இறங்குறத தனித்தனியா எழுதியிருக்கு. பாதுகாப்புச் சோதனைக்கு ஒண்ணு, நேரக் கணக்குக்கு ஒண்ணு, மிஷின் கட்டளைக்கு ஒண்ணு. புதுசா எதாவது சேக்கணும்னா எல்லாத்தயும் தொடணும்."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

பிறகு விசிட்டர் முறையைச் சொன்னாள். "விசிட்டர ஒரு விருந்தாளின்னு வச்சுக்கிடுங்க. ஒவ்வொரு பிளாக்கும் 'வாங்க'ன்னு கதவத் திறந்து விடும், அவ்வளவுதான். இது என்ன மாதிரி பிளாக், இங்க என்ன செய்யணும்ங்கிறது வந்தவரோட பாடு. நாளைக்கு வேற வேலை வேணும்னா வேற விருந்தாளி ஒருத்தர எழுதினா போதும். வீட்ட இடிக்க வேண்டாம்."

சொன்னது சரிதான். சரியில்லை என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. வந்த விருந்தாளி ஒவ்வொரு பிளாக்கிலும் 'உள்ளே இருப்பவர்களையும் பார்க்கிறேன்' என்று தானே சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் அந்த வரியை எழுத மறந்தால் வாசலோடு திரும்பிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது. பிழை என்று ஒரு சிவப்பு எழுத்துகூட வராது.

எழுந்து சொல்லியிருக்கலாம். அதற்குள் கந்தவேல் கை தட்டிவிட்டார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூன் 24, திங்கள்

எஸ்தர் வந்து பட்டறைகளில் ஓடுகிற உண்மையான ப்ரோக்ராம்கள் வேண்டும் என்று கேட்டாள். அவற்றை வைத்துத்தான் டெஸ்ட் எழுதப் போகிறாளாம்.

"எங்கெங்க எப்பிடி எழுதுவாங்கன்னு உங்களுக்குத்தான் சார் தெரியும். கோணங்கித்தனமா எழுதுனது எதாவது இருந்தா அதத்தான் முதல்ல தாங்க."

ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். நேராக, ஒழுங்காக எழுதியவை. மங்கலம் ரோட்டுப் பட்டறைகளில் கடைசி அலசல் முழுவதையும் தூக்கி வாட்ச் பிளாக்குக்குள் போட்டுவிடுவார்கள், தண்ணீர் வடிப்பதையும் சேர்த்து. அவை பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. தேடி எடுக்க வேண்டும். மங்கலம் ரோட்டுது பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது, பிறகு தருகிறேன் என்றேன்.

"அவசரமில்ல சார்" என்றாள்.

ஜூலை 2, செவ்வாய்

சர்க்கரை ஏறியிருக்கிறது. நடக்கச் சொன்னார் டாக்டர். ஆபீஸில் கந்தவேல் எதிரே வந்தவர், "எஸ்தர் வேல எப்பிடிங்ணா? பறக்குதில்ல?" என்றார். பறக்குதுங்க என்றேன்.

ஜூலை 11, வியாழன்

பாதுகாப்புச் சோதனை விசிட்டரை எழுதி முடித்து என்னிடம் ரிவ்யூவுக்கு அனுப்பியிருந்தாள். வேறு யாரும் பார்க்கத் தேவையில்லை, தண்டபாணி சார் பார்த்தால் போதும் என்று குறிப்பு வேறு.

இந்தச் சோதனையின் வேலை இதுதான். மூடிய சாய மிஷினுக்குள் அழுத்தத்தில் தண்ணீர் கொதிநிலைக்கும் மேலே போகும். வடிக்கும் முன் ஆறவிட வேண்டும். பட்டறையில் அதை எழுத மறப்பார்கள். அதனால் 'வடி' என்று எங்கே வந்தாலும் அதற்கு முன்னால் 'ஆறும்வரை நில்' என்று கம்பைலரே சேர்த்துவிடும்படி நான் அந்தக் காலத்திலேயே செய்து வைத்திருந்தேன். தானாக நடக்கிறது என்பதால் இப்போது யாருமே அதை எழுதுவதில்லை.

உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். என்னை யாரும் மேலோட்டமாகப் பார்க்கிறவன் என்று சொல்ல முடியாது. திரும்பச் செய்கிற பிளாக்: உள்ளே போகிறது. நிபந்தனை பிளாக்: இரண்டு பக்கமும் உள்ளே போகிறது. பெயர்களில் ஒழுங்கில்லை, குறித்தேன். இடைவெளி தவறு, குறித்தேன். வாட்ச் பிளாக்: தண்ணீர் மட்டத்தையும் சூட்டையும் சரிபார்க்கிறது, முடிகிறது. அதில் டெம்பரேச்சர் என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. குறித்தேன்.

அந்த ஒரு பிளாக்கில் மட்டும் உள்ளே போகும் வரி இல்லை. இரண்டாம் தடவை படித்தேன். இல்லை. வேறெங்காவது பார்த்துக்கொள்கிறாளோ என்னவோ. புது முறை. அவளுக்குத் தெரியாததா. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தபோது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

சாப்பிட்டு வந்து 'சரி' என்று போட்டேன்.

டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே. அதில் மாட்டும். நாலு பேர் முன்னால் மாட்டட்டும்.

ஜூலை 12, வெள்ளி

எழுத்துப்பிழைகளை எல்லாம் திருத்திவிட்டு எஸ்தர் வந்து நன்றி சொன்னாள். "உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது சார்."

ஜூலை 18, வியாழன்

டெஸ்ட் எல்லாம் பச்சை. ஒன்றுகூட விழவில்லை.

ஜூலை 25, வியாழன்

நாளை புதிய கம்பைலர் பட்டறைகளுக்குப் போகிறது. இந்த வாரம் சொல்லலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். ஒருமுறை அவள் போனில் இருந்தாள். இன்னொரு முறை கந்தவேல் அவள் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது போய்ச் சொன்னால், சரி போட்டது நீங்கதானே, அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

கலாமணிக்கு முழங்கால் வலி. தைலம் வாங்கினேன்.

ஜூலை 26, வெள்ளி

அனுப்பியாகிவிட்டது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். சர்க்கரை இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கலாமணி என்னைக் கேட்காமலே எஸ்தரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டாள். ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்ணாம், பாவமாம். என் போனிலிருந்து நம்பரை எடுத்திருக்கிறாள்.

எஸ்தர் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்தாள். தேங்காய் சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம் எல்லாவற்றையும் ரசித்துச் சாப்பிட்டாள். சமையலறையில் போய்க் கலாமணியோடு நின்று பாத்திரம் கழுவினாள். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிப்பது கூடத்தில் கேட்டது.

கிளம்பும்போது, "சார், அந்தப் பழைய ப்ரோக்ராம்ஸ் இருக்குன்னீங்களே, மங்கலம் ரோட்டுது. எப்பம் வேணும்னாலும் தாங்க. அதுலயும் ஓட்டிப் பாத்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள்.

"திங்கட்கிழம தாரேம்மா."

அவள் போன பிறகு கலாமணி சொன்னாள்: "நல்ல புள்ளைங்க. உங்களப் பத்தி எவ்வளவு மரியாதயா பேசுது தெரியுமா? ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருந்தீங்க?"

தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் வீணாக யோசிக்கிறேன் போலிருக்கிறது. மிஷினை ஓட்டுகிறவர்களுக்கும் கண் இருக்கிறது. ஆறாத தண்ணீரை யாராவது திறந்துவிடுவார்களா?

பழைய கம்ப்யூட்டரை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

மங்கலம் ரோட்டிலிருந்து போன். ஒரு பட்டறையில் சாய மிஷின் தானாகவே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை வடித்துவிட்டது. அது விழுகிற கால்வாயில் நின்று நூல் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துவிட்டன.

கந்தவேல் சத்தம் போடவில்லை. அவருடைய குரல் மெலிந்துபோய் வந்தது. "என்னன்னு பாருங்க. ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க."

எஸ்தர் அந்தப் பட்டறையின் ப்ரோக்ராமைத் திறந்தாள். கடைசி அலசல் முழுவதும் வாட்ச் பிளாக்குக்குள் இருந்தது, 'வடி' உட்பட. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் தன் விசிட்டரைத் திறந்து கீழே வந்தாள். அந்த இடத்தில் நின்றாள். அவள் கை மவுஸின் மேலேயே இருந்தது, அசையவில்லை.

"உள்ள போகவே இல்ல சார். நான் உள்ள போகச் சொல்லவே இல்ல."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தேன்.

"ஒரு வரி சார்" என்றாள். பிறகு, "நீங்ககூட பாக்கலையே சார்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தன்னைப்போல் இன்னொருவரும் தவறவிட்டிருக்கிறார் என்று பிடித்துக்கொள்வது போல.

"கண்ணுல படலம்மா" என்றேன்.

அவளே அந்த வரியைச் சேர்த்தாள். எல்லாப் பட்டறைகளுக்கும் போன் செய்து, புதியது வரும்வரை மிஷினைத் தொடாதீர்கள் என்று சொன்னோம். நானும் சொன்னேன். நிறைய பேருக்குச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 21, புதன்

கந்தவேல் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எஸ்தரை அனுப்ப அவருக்குத் தயக்கம். "நீங்க பெரியவர். பக்குவமாப் பேசுவீங்க."

பெயர் முருகாத்தாள். என் வயதுதான் இருக்கும். கால்களின் மேல் துணி படாமல் இருக்க ஒரு கம்பிக்கூண்டை வைத்து அதன்மேல் போர்த்தியிருந்தார்கள். மருமகன் வெளியே டீ வாங்கப் போயிருந்தான்.

"மிஷின் கம்பெனிங்களா? உக்காருங் தம்பி" என்றாள். நாற்காலி இல்லை. நின்றுகொண்டேன்.

"எப்பவும் தண்ணி ஆறித்தானுங்க வரும். வெதுவெதுன்னு இருக்கும். அதுல நின்னேதான் கூட்டுவேன், காலுக்கு எதமாக்கூட இருக்கும். அன்னைக்கு என்னமோ புகஞ்சுக்கிட்டு வந்துருச்சு. ஓடறதுக்குள்ள..." நிறுத்திக்கொண்டாள். "மிஷின் தப்புங்களா, நாந்தான் நேரங்கெட்ட நேரத்துல எறங்கிட்டனா? மேஸ்திரி என்னையத்தான் திட்டறாரு."

"உங்க தப்பு இல்லீங்கம்மா."

"பின்ன?"

"விசாரிச்சுட்டு இருக்கோம்."

நர்ஸ் மருந்து போட வந்தாள். என்னை வெளியே போகச் சொன்னாள். வராந்தாவில் நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. படியிறங்கி வந்துவிட்டேன். வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தினேன் என்று நினைவில்லாமல் இரண்டு சுற்று சுற்றினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

லீவ். உடம்பு சரியில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மீட்டிங். கந்தவேல், எஸ்தர், நான்.

"ரிவ்யூ நீங்கதானுங்ணா பண்ணுனீங்க?" என்று கேட்டார் கந்தவேல்.

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் பேசினாள். "சார் பாத்தாங்க சார். ஆனா எழுதினது நான். டெஸ்ட் எழுதினதும் நான். அந்த மாதிரி ஒரு ப்ரோக்ராம நான் டெஸ்ட்ல வைக்கல. பொறுப்பு எனக்குத்தான்."

அந்த மாதிரி ப்ரோக்ராம் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது என்று அவள் சொல்லவில்லை. கேட்டதையும் சொல்லவில்லை, நான் தராததையும் சொல்லவில்லை.

கந்தவேல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அண்ணன எப்பிடிங்க கொற சொல்றது? அவரு பழைய காலத்து ஆளு. இந்த விசிட்டர் கிசிட்டர் எல்லாம் அவருக்குப் பழக்கமில்ல. பாத்தாலும் புரிஞ்சிருக்காது. இல்லீங்களாண்ணா?"

புரியாதாம். அவள் போர்டில் வரைந்து முடிப்பதற்குள் அதன் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் அதைத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் நான்தான். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாங்க. எனக்கு அது புதுசு" என்றேன்.

எஸ்தர் மாத முடிவோடு போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. கம்பைலர் மறுபடியும் என்னிடம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கலாமணியிடம் எஸ்தர் போகிறாள் என்று சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க பாத்துத்தான அனுப்புனீங்க? நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா அவிங்ககிட்ட?"

"என்ன சொல்றது?"

அவள் அடுப்பை அணைத்தாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தட்டை மூடினாள். எப்போதும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எஸ்தருக்குக் கடைசி நாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவள், "வாங்க சார், ஒரு டீ குடிப்போம்" என்றாள். எதிரே இருக்கும் பேக்கரிக்குப் போனோம்.

டீ வந்தது. பிறகு, "நேத்து உங்க ரிவ்யூ கமெண்ட எல்லாம் திரும்ப எடுத்துப் படிச்சேன் சார்" என்றாள்.

"எதுக்கு?"

"எதுல தப்பிச்சுதுன்னு பாக்கத்தான். வாட்ச் ஃபங்ஷன்ல டெம்பரேச்சர்ங்கிற வார்த்தையில ஒரு எழுத்து விட்டுட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"இருக்கும்."

"அந்த ஃபங்ஷனே நாலு வரிதான் சார். ஒரு எழுத்து விட்டது கண்ணுல பட்டிருக்கு."

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே போனது. 

"வயசாயிருச்சும்மா" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். "எனக்கு மனசிலாச்சு சார். அன்னைக்கு உங்க வீட்டுல சாப்பிட்டப்பவே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

நான் டீயைக் குடித்தேன்.

"கந்தவேல் சார்ட்ட சொல்லப் போறதில்ல. சொன்னாலும் நான் தப்பிக்கப் பாக்கேன்னுதான் நினைப்பாங்க. எழுதினது நாந்தான், அது மாறப் போறதில்ல. நான் போய் அந்தம்மா கால பாத்தேன் சார்." அவள் குரல் அங்கே உடைந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு என்னையப் பிடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் வேற வேல பாத்துட்டுப் போயிருப்பேன்."

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். "ஆன்ட்டிகிட்ட சொல்லிருங்க" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

அவள் பேசியதில் ஒன்றையும் நிரூபிக்க முடியாது. கண்ணில் படாதது எத்தனையோ.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கலாமணி கொழுக்கட்டை செய்யவில்லை. முழங்கால் வலி என்றாள். பக்கத்து வீட்டில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 18, புதன்

எஸ்தரின் விசிட்டர்களை மாற்றவில்லை. மாற்றத் தேவையில்லை. இன்று புதிய வகை பிளாக் ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். என் பழைய கோடாக இருந்தால் வாரக்கணக்கில் ஆகியிருக்கும். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எதையும் உடைக்காமல் சேர்ந்துகொண்டது.

நன்றாக எழுதியிருக்கிறாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

கலாமணி எஸ்தருக்குப் போன் செய்தாளாம். எஸ்தர் இன்னும் ஊருக்குப் போகவில்லையாம், திருப்பூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கி வேலை தேடுகிறாளாம். வேறு என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

"நான் என்ன கேட்டாலும் நீங்க சொல்றீங்களா?" என்றாள்.

அதோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் கூடத்தில் படுத்தேன். மின்விசிறி சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆபீஸில் ஆயுத பூஜை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கந்தவேல் கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்தார்.

"நம்ம கம்பெனிக்கு ஆணிவேர் அண்ணன்தான். இனி எந்தக் கோடும் அண்ணன் கண்ணுல படாம வெளிய போகக்கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

கை தட்டினார்கள். தட்டைச் சுற்றினேன். புகையில் கண் எரிந்தது.

பொரியும் சுண்டலும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கலாமணி தொடவில்லை.

அக்டோபர் 23, புதன்

முருகாத்தாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. தீபாவளி வருகிறது, ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கந்தவேல் ஒரு சேலையும் இனிப்பும் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் போனேன்.

பட்டறைக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட வரிசை வீடுகள். முருகாத்தாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது.

"வாங் தம்பி, வாங்" என்றாள். மகளைக் கூப்பிட்டு மோர் கொடுக்கச் சொன்னாள். சேலையை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "என்னத்துக்குங்க இதெல்லாம்? நீங்க ஒருத்தரு வந்து எட்டிப் பாக்கறதே பெருசு. பட்டறைக்காரரு ஒருக்கா வந்ததோட செரி."

வலி எப்படி என்று கேட்டேன். ராத்திரியில் அரிக்கிறது என்றாள். இனி கால்வாய் வேலைக்குப் போக முடியாது, உட்கார்ந்து பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை ஏதாவது பார்க்க வேண்டும் என்றாள்.

"உங்க கம்பெனில இருந்துச்சுங்களாம்ல, எஸ்தருன்னு ஒரு புள்ள. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துருதுங்க. கோயிலு முடிஞ்சு நேரா இங்கதான். காலுக்கு மருந்து போட்டுவிடுது. மொத நா வந்தப்ப நாந்தான் பண்ணுனேன்னு சொல்லி, காலப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுவ. எனக்கே பாவமாப் போச்சு."

நான் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாஞ் சொன்னேன், அழுவாத கண்ணு, நீ தெரியாமத்தான பண்ணுன. மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். தெரிஞ்சே யாராச்சும் ஒருத்தரு கால வேக வப்பாங்களா?" அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வப்பாங்களாங் தம்பி?"

"மாட்டாங்கம்மா" என்றேன்.

"அதத்தான் நானுஞ் சொன்னேன்" என்றாள். பிறகு வாசலில் வெயில் விழுகிறது, கொஞ்சம் அங்கே போய் உட்கார வேண்டும் என்றாள். மகள் உள்ளே அடுப்படியில் இருந்தாள்.

"ஒரு கை குடுங் தம்பி."

கையைக் கொடுத்தேன். இறுகப் பிடித்துக்கொண்டு, முழுப் பாரத்தையும் என்மேல் போட்டு எழுந்தாள். வாசல்வரை ஓரோர் அடியாக எடுத்து வைத்து நடந்தோம்.